முழுக் காது

பல்செட்டுக்காரருக்கு யாரோடும் தகராறு கிடையாது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, யார் வாய்க்குள்ளோ போகப்போகிற பற்களை மெழுகில் அடுக்கி, மாவுக்கட்டு மாவில் புதைத்து, வேகவைத்து, தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்பிவிடுவார். அந்த வாய்கள் பிறகு என்ன பேசின, யாரைத் திட்டின என்று அவர் விசாரித்ததே இல்லை. அப்படிப்பட்ட மனிதர் பிராணிகள் கருத்தடை மையத்து இயக்குநரின் முன்னால் குற்றவாளியாக நிற்க நேர்ந்தது என்றால், அதற்குக் காரணம் ஒரு பூனை. பூனைக்குக் காரணம் அக்கா.

அக்கா அறுபதை நெருங்கியவள். மாமா இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேருக்கும் "ஆமா, தூக்கத்துலயே போயிட்டார். ஆமா, கஷ்டப்படல" என்று சலிக்காமல் பதில் சொன்னாள். கடைசி ஆள் படியிறங்கியதும் வாயை மூடினாள். அதோடு சரி. சாப்பிட்டாயா என்று கேட்டால் தலையாட்டுவாள். உடம்புக்கு என்ன என்றால் அதற்கும் தலையாட்டுவாள். பல்செட்டுக்காரரும் பேசிப் பேசிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார். ஒரே வீட்டில் இரண்டு பேர், சுவர்க் கடிகாரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்கள்.

அந்த வீட்டுக்குள் அடுப்படி ஜன்னல் வழியாக ஒரு சாம்பல் நிறப் பூனை குதித்தது. அக்கா அதை ஏற இறங்கப் பார்த்து, "எங்கடி ஊர் சுத்திட்டு வர்றே, சின்னவளே?" என்றாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பல்செட்டுக்காரருக்கு வாயில் போட்டது அப்படியே நின்றுபோயிற்று.

அன்றிலிருந்து வீட்டில் நடக்க வேண்டியதெல்லாம் பூனை மூலமாகத்தான் நடந்தது. "உப்பு தீர்ந்துபோச்சுடி சின்னவளே" என்று அடுப்படியில் குரல் கேட்டால் தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். "ராத்திரியெல்லாம் இவனுக்கு ஒரே இருமல். சொன்னாக் கேட்கிறானா பாரு" என்று பூனையிடம் புகார் சொன்னால், இவர் போய் மருந்து குடிக்க வேண்டும். இவரிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் அந்த இருமல் புகாரை நினைத்து நினைத்து அவர் ஒரு வாரம் ஓட்டினார்.

பூனை அடிக்கடி குட்டி போட்டது. கடைசிப் பிரசவத்தில் குட்டிகள் ஒன்றும் தங்கவில்லை. சின்னவள் பிழைத்ததே பெரிய காரியம். தெருமுனைக் கால்நடை டாக்டர் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னொரு பிரசவம் தாங்காது. கருப்பையை எடுத்துடணும்" என்றார்.

"எடுத்துடுங்க டாக்டர்."

"நானா? அந்த உரிமை மையத்துக்கு மட்டும்தான். நான் ஊசி போடலாம், நகம் வெட்டலாம், ஆறுதல் சொல்லலாம். கத்தியைத் தொட்டேன்னா உள்ள தள்ளிடுவாங்க."

அக்கா பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "பயப்படாதடி. இவன் கூட்டிட்டுப் போவான்" என்றாள்.

அவர் கூட்டிக்கொண்டு போனார். மையம் இரண்டு மாடிக் கட்டடம். கீழே காதுப் பிரிவு. மேலே அறுவைப் பிரிவு. வாசலில் ஒரு நாயும் ஒரு பூனையும் தோளில் கைபோட்டுச் சிரிக்கிற பெரிய படம். இரண்டுக்கும் இடது காதின் நுனி வெட்டப்பட்டிருந்தது. கருத்தடை செய்த பிராணியைத் தெருவில் அடையாளம் கண்டுகொள்வதற்காக அப்படி வெட்டுவார்கள் என்று பல்செட்டுக்காரருக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

காது அலுவலர் நல்ல மனிதர். அதை மறுக்க முடியாது. நெற்றியில் பூதக்கண்ணாடி கட்டிக்கொண்டு, குழந்தையை வாங்குவதுபோலப் பூனையை வாங்கினார். "ஆஹா, என்ன காதுங்க! இப்படி ஒரு காது பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றார். மரத்துப்போகிற மருந்தைப் பீய்ச்சினார். சின்னக் கத்தரி ஒன்று மினுங்கியது. சின்னவள் கண்ணைச் சிமிட்டி முடிப்பதற்குள் காதின் நுனி பஞ்சின் மேல் கிடந்தது.

"வாழ்த்துகள். முடிஞ்சுது" என்று அவர் கை குலுக்கினார். சுற்றியிருந்த ஊழியர்கள் கை தட்டினார்கள்.

"ஆபரேஷன்?"

"அது மேல. படியேறிப் போங்க."

மேலே அறுவை நிபுணர் பச்சை அங்கியும் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். அறையில் மேஜை மின்னியது, கருவிகள் மின்னின. ஜன்னல் திரைகள், நாற்காலி மெத்தைகள், தலையணைகள் எல்லாவற்றிலும் விளிம்போரம் அழகழகாகத் தையல் போட்டிருந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்தபோது அவை ஆபரேஷன் முடிந்து வயிற்றில் போடுகிற தையல் என்று தெரிந்தது. நிபுணர் கையிலும் பாதி தைத்த தலையணை ஒன்று இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, ஆசையாக எழுந்து வந்து பூனையைப் பார்த்தார். காதைப் பார்த்ததும் முகம் விழுந்தது.

"ஆயிடுச்சே" என்றார்.

"என்ன ஆயிடுச்சு?"

"கருத்தடை. காது வெட்டியிருக்கே."

"காதை இப்பத்தான் சார் கீழ வெட்டினாங்க. அந்தச் சூடுகூட ஆறல."

"எப்ப வெட்டினாங்கங்கிறது கேள்வி இல்லீங்க. காது வெட்டியிருந்தா ஆபரேஷன் ஆச்சுன்னு அர்த்தம். ஆன உயிர்மேல மறுபடியும் கத்தி வெச்சா அது கொடுமை. எனக்கு மனசு வராது."

பல்செட்டுக்காரர் யோசித்தார். "அப்போ காது வெட்டாம நேரா மேல வந்திருக்கணுமா?"

"காது வெட்டாத பிராணியைக் காவலாளி படியில விடமாட்டாரே."

"அப்போ யாருக்குத்தான் சார் ஆபரேஷன் பண்ணுவீங்க?"

நிபுணர் முகமூடியைக் கீழே இறக்கினார். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. ஜன்னல் திரையின் தையலை விரலால் தடவிக்கொண்டே, "எங்க பிரிவுல இதுவரைக்கும் ஒரு சாவு கிடையாது. ஒரு தையல் பிரிஞ்சது கிடையாது. உலகத்துலயே கிடையாதுங்க இப்படி" என்றார். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டார்.

பூனைக்கூடையோடு திரும்பி வரும்போதுதான் பல்செட்டுக்காரர் தெருவைக் கண் திறந்து பார்த்தார். காது முழுசாக உள்ள நாய் ஒன்றுகூடத் தென்படவில்லை. குட்டிகளை இழுத்துக்கொண்டு அலையாத பெட்டை நாயும் ஒன்றுகூட இல்லை. இதைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் வருகிற இடம் எப்போதோ மரத்துப்போய்விட்டது. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட ஈறு மாதிரி, இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

அக்கா பூனையை மல்லாத்திப் பார்த்தாள். "வயித்துல தையலே இல்லையேடி" என்றாள். காதைப் பார்த்தாள். "எதுக்குடி போனே, எதை வெட்டிட்டு வந்திருக்கே?" என்றாள். பல்செட்டுக்காரர் பதிலைப் பூனையிடம் சொல்லலாமா என்று யோசித்தார். சொல்லவில்லை.

பூனையை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வைத்தார்கள். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தார்கள். மதில்மேல் காது வெட்டிய கடுவன் பூனைகள் வரிசையாக உட்கார்ந்துகொண்டு கதறின. உள்ளே சின்னவள் தொண்டை வற்றக் கத்தி வலையைப் பிறாண்டியது. எத்தனை நாள் இப்படிக் காவல் இருக்க முடியும்? "நீ போயிட்டேன்னா நான் யாருகிட்டடி பேசுவேன்?" என்று அக்கா பூனையிடம் சொன்னது, பல்செட்டுக்காரர் வேலை செய்கிற பின்கட்டுப் பட்டறை வரைக்கும் கேட்டது. அவர் கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவர் தொழிலில் இருக்கிறவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. இல்லாத ஒன்றை, இருக்கிற ஒன்றைப் பார்த்துச் செய்வதுதானே அவர் பிழைப்பு? வலது பக்கப் பல்லைப் பார்த்து இடது பக்கப் பல் செய்கிற கை, வலது காதைப் பார்த்து இடது காதின் நுனியைச் செய்யாதா? மெழுகில் பிடித்தார். மாவில் அச்செடுத்தார். ஈறு செய்கிற இளஞ்சிவப்புப் பொடியைக் குழைத்து ஊற்றி, வேகவைத்து, வெற்றிலையளவு மெல்லிசாகத் தேய்த்தார். அக்கா பூனைக்குச் சீவிவிட்ட சீப்பில் சிக்கியிருந்த சாம்பல் முடியை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டினார். பல்செட் பசையை வைத்துப் பொருத்திப் பார்த்தபோது, சின்னவள் காது வெட்டாத பூனையாகிவிட்டது.

நுனியை மறுபடி கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மையத்துக்குப் போனார். காவலாளி வெட்டுக் காதைப் பார்த்தார்.

"மேல எதுக்கு?"

"தையல் காட்ட."

"போங்க."

படி திரும்புகிற இடத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. அங்கே உட்கார்ந்து, கூடைக்குள் கையை விட்டு, காதை ஒட்டினார். அறையில் நுழைந்தபோது நிபுணர் நிமிர்ந்து பார்த்தார். ஊசி கையிலிருந்து நழுவியது.

"முழுக் காது" என்றார் மெல்ல. "எப்படி மேல வந்துது?"

"வந்துடுச்சு சார்."

நிபுணர் எழுந்தார். கையுறையைக் கழற்றிக் கை கழுவினார். கழுவிக் கழுவி முழங்கை வரை சிவந்துபோயிற்று. புதுக் கையுறை மாட்டினார். மயக்க மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துத் தேதி பார்த்தார். "படிப்புல நான்தான் முதல். தெரியுமா உங்களுக்கு?" என்றார். பல்செட்டுக்காரர் தலையாட்டினார். அவருக்கு அப்போது ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. அந்த வருஷத்தில் அவருக்கு வந்த நம்பிக்கை அது ஒன்றுதான்.

மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு, நிபுணர் பூனையைத் தைரியப்படுத்துவதற்காகத் தலையைத் தடவிக்கொடுத்தார். காது கையோடு வந்துவிட்டது.

அவர் அலறிய அலறலில் கீழ்த்தளமே ஓடிவந்தது. "நான் ஒண்ணும் பண்ணல! தொட்டேன், அவ்வளவுதான்! என் ரெக்கார்டு!" என்று அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

இயக்குநரின் அறையில் விசாரணை நடந்தது. பெரிய மேஜை, அதன் நடுவில் ஒரு வெள்ளைத் துணி, துணியின் மேல் காது. இயக்குநர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலைப்பாடு அருமை" என்றார். "ஆனா என்ன காரியம் பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்குப் புரியுதா? கருத்தடை ஆன ஒரு பிராணியோட கருத்தடையை நீக்கியிருக்கீங்க."

"ஐயா, அதுக்கு ஆபரேஷனே ஆகலையே."

"உக்காருங்க. உங்களுக்கு விவரம் போதாது, அதனால சொல்றேன். நான் பொறுப்புக்கு வந்தப்போ எல்லாமே மேல்மாடியிலதான் நடந்துது. காதும் அங்கதான், கத்தியும் அங்கதான். ஒரே ரத்தம், ஒரே கூட்டம். சிலது மயக்கம் தெளியல, சிலதுக்குத் தையல் பிரிஞ்சுது. எத்தனை புகார்! நான் காதை மட்டும் பிரிச்சுக் கீழ கொண்டுவந்தேன். வேகம் பல மடங்கு கூடுச்சு. மேல கூட்டமே இல்ல. புகாரும் நின்னுபோச்சு. எனக்கு விருது குடுத்தாங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்து பார்த்துட்டுப் போனாங்க. அவங்களும் தெருவுல எண்ணிப் பார்த்தது காதைத்தானே? யாராவது ஒவ்வொரு நாயா மல்லாத்திப் பார்த்தாங்களா? மக்களுக்குத் தேவை நம்பிக்கை. நம்பிக்கை கண்ணுக்குத் தெரியற இடத்துல இருக்கணும். வயித்துக்குள்ள இருந்தா யாருக்குத் தெரியும்?"

"குட்டி போடுதுங்களே ஐயா" என்றார் பல்செட்டுக்காரர்.

"போடட்டும். குட்டிகளுக்கும் காது இருக்குல்ல?"

மூலையில் நின்றிருந்த நிபுணர் ஒரு அடி முன்னால் வந்தார். "சார், எல்லாம் தயாரா இருக்கு. ஒரே ஒரு தடவை..."

"டாக்டர்" என்றார் இயக்குநர், மிகவும் கனிவாக. "ஏன் நல்லா இருக்கிற ரெக்கார்டைக் கெடுத்துக்கறீங்க?"

நிபுணர் மேலே போய்விட்டார். இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். கருத்தடை சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டதால் அதை உறுதிப்படுத்த வேண்டும். காது அலுவலர் பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு வந்தார். "இதுவும் நல்ல காதுதாங்க" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, வலது காதையும் வெட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். பல்செட்டுக்காரரும் இரண்டு தட்டுத் தட்டினார். ஏன் தட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு காது வெட்டிய பிராணி மையத்தில் புது விஷயம் என்பதால், அதைக் கொஞ்ச நாள் கண்காணிப்பில் வைக்கச் சொன்னார் இயக்குநர். கண்காணிப்பு அறை கட்டடத்தின் பின்னால் இருந்தது. பல்செட்டுக்காரர் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். பெரிய கூடம். உள்ளே பத்துப் பன்னிரண்டு கடுவன்கள் படுத்திருந்தன.

"ஐயா, உள்ள எல்லாம் ஆணா இருக்கு."

"ஆணா பெண்ணான்னு நாங்க பிரிக்கறது இல்லீங்க" என்றார் காது அலுவலர். "எல்லாரும் கருத்தடை ஆனவங்கதானே. ஒண்ணா சந்தோஷமா இருக்கட்டும்."

பல்செட்டுக்காரர் கெஞ்சினார். காலில் விழாத குறைதான். காது அலுவலர் அவர் தோளில் தட்டி, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார். வெறும் கூடையோடு வீட்டுக்கு வந்தவரை அக்கா பார்த்தாள். கூடையைத் திறந்து பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த நாட்களில் வீட்டில் உப்பு தீர்ந்தது, எண்ணெய் தீர்ந்தது. சொல்ல ஆள் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

சின்னவள் திரும்பி வந்தபோது இரண்டு காதும் ஒரே அளவாக ஆறியிருந்தன. காது அலுவலர் வேலையில் குறை சொல்ல முடியாது. வயிறு கொஞ்ச நாளில் தெரிய ஆரம்பித்தது. தெருமுனை டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கை கழுவினார்.

ஒரு மத்தியானம் வலி எடுத்தது. அக்கா தன் பழைய புடவையை மடித்துப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். "நான் இருக்கேன்டி. எங்கயும் போகல. இங்கயேதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்று குட்டிகள் வந்தன. மூன்றாவது வந்த பிறகு சின்னவள் தலையைக் கீழே வைத்தது. அக்கா இன்னும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்தினாள். மதிலோரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து பல்செட்டுக்காரர் கை கழுவினார். வீட்டில் பேசுவதற்கு இப்போது யாரும் இல்லை. அவர் பட்டறைக்குப் போய், பாதியில் விட்ட பல்செட்டை எடுத்துத் தேய்த்தார்.

சில நாள் கழித்துக் காது அலுவலர் வந்தார். இரட்டைக் கருத்தடை செய்த பிராணியை நேரில் நலம் விசாரித்து வரும்படி இயக்குநர் அனுப்பியிருந்தாராம். கையில் கூண்டு. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர் காதில் குட்டிகளின் சத்தம் விழுந்தது.

"இதுங்க யாருங்க?"

"சின்னவளோட குட்டிங்க. அது போயிடுச்சு. பிரசவத்துல."

"பிரசவம்னு சொல்லாதீங்க" என்றார் அவர், பதறிப்போய். "வயசாகியிருக்கும். காத்து மாறினாக்கூட சில பூனைங்களுக்கு ஒத்துக்காது. ரெண்டு காதையும் என் கையாலயே வெட்டினேனே. அதுக்குக் குட்டி பிறக்கவே பிறக்காது."

"அப்போ இதெல்லாம் என்ன சார்?"

"அதைத்தான் நானும் பார்க்கறேன். தாய் இல்லாத குட்டிங்க. இந்த மாதிரி இருந்தா நாங்க எடுத்துட்டுப் போகணும்."

"எடுத்துட்டுப் போய்?"

காது அலுவலர் சுவரைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போவோம்" என்றார்.

குனிந்து கூண்டின் கதவைத் திறந்தார். நல்ல மனிதர் என்பதால் குட்டிகளை வலிக்காமல்தான் தூக்கினார். இரண்டு உள்ளே போய்விட்டன. மூன்றாவதைத் தூக்கும்போது அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். கையில் பால் சொட்டு விடுகிற குழாய் இருந்தது.

"வைங்க கீழ" என்றாள். "அதுங்க என்னோடது."

துக்கம் விசாரிக்க வந்த கடைசி ஆள் போன பிறகு அக்கா ஒரு மனிதரைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது. பல்செட்டுக்காரருக்கு நெஞ்சு அடைத்திருக்க வேண்டும்; கண் கலங்கியிருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து நின்றார், அவ்வளவுதான். எதற்கு எழுந்தோம் என்று பிறகு யோசித்தார்.

"உங்களோடதுன்னா எப்படிம்மா?" என்று காது அலுவலர் மரியாதையாகக் கேட்டார். "வளர்க்கறீங்களா, பெத்தீங்களா? தாய் யாருன்னு தெரியணும். வளர்க்கறதா இருந்தா நான் எடுத்துட்டுத்தான் போகணும்."

"பெத்தேன்" என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த குட்டியைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து நெற்றியில் கட்டிக்கொண்டார். "கொஞ்சம் முடியை ஒதுக்குங்கம்மா" என்றார். அக்கா நரைத்த முடியை ஒதுக்கி இடது காதைக் காட்டினாள். அவர் நுனியிலிருந்து மடல்வரை பொறுமையாகப் பார்த்தார். "அந்தப் பக்கம்?" என்றார். அக்கா திரும்பி வலது காதையும் காட்டினாள்.

"முழுக் காது" என்றார் அவர். மனதிலிருந்து பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது அவர் முகம். "ரெண்டும் முழுக் காது. அப்படின்னா பிறக்க வாய்ப்பு இருக்கு. சரிதாங்க."

கூண்டிலிருந்து குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புடவையின் மேல் வைத்தார். அக்கா தரையில் உட்கார்ந்து, ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு வாயில் பால் சொட்ட ஆரம்பித்தாள். அவர் வாசலில் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டவர், ஏதோ ஞாபகம் வந்து திரும்பி எட்டிப் பார்த்தார்.

"மூணு போதும்மா. உடம்பு என்னத்துக்கு ஆகும்? ஒருநாள் தம்பியைக் கூட்டிட்டு மையத்துக்கு வந்துடுங்க. கீழ்த்தளம்தான், படியேற வேண்டாம். கொஞ்சம்கூட வலிக்காது."